வலிக்கும் என்று சொன்னவர்

எலி விழுந்த வருஷம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பேரன் பேத்திகளிடம் சொன்னால், "எலி விழுந்தா என்ன?" என்று சிரிக்கிறார்கள். ஓட்டுக் கூரையிலிருந்து எலி தானாகத் தரையில் விழுந்து, கள் குடித்தவனைப் போலத் தள்ளாடி, அடுப்படியில் போய்ச் சாய்ந்து செத்துப்போவதை அவர்கள் பார்த்ததில்லை. நாம் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு எலி விழுந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். பிளேக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இருட்டுவதற்குள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊரே காட்டுக்குக் கிளம்பிவிடும்.

திருச்செங்கோட்டு மலை மேற்கே நீலமாகத் தெரிகிற ஊர் எங்களுடையது. அந்த வருஷம் தீபாவளி முடிந்து, சோளம் கதிர் வாங்கியிருந்த சமயத்தில் எலி விழுந்தது. அப்பாவும் மாமனும், அதாவது அம்மாவின் அண்ணன், எங்கள் மேட்டுக்காட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாளை போட்டார்கள். பனையோலைக் கூரை, சோளத்தட்டுச் சுவர். பச்சை ஓலையின் வாசமும், ஈர மண் வாசமும், சுகாதார இலாகாக்காரர்கள் தெளித்துவிட்டுப் போன மருந்தின் நெடியும் கலந்து மூக்கில் ஏறும். அந்த மூன்றையும் இன்றைக்கும் என்னால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் எங்களுக்கு அது நோம்பிக் கொண்டாட்டம் மாதிரிதான் இருந்தது. பாயில் படுத்தால் கூரை ஓட்டைவழியே நட்சத்திரம் தெரியும். பச்சைக் கடலையைச் செடியோடு பிடுங்கிச் சுட்டுத் தின்னலாம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்!

அந்தச் சந்தோஷம் அத்தையோடு போனது.

அத்தை, மாமனின் மனைவி, சிரித்தால் அடுத்த காட்டுக்குக் கேட்கும். ஊரைக் காலி செய்து வந்த பிறகு, அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை விட்டுவிட்டு வந்தோமே என்று திரும்பிப் போய்க் கூடையோடு தூக்கி வந்தார். கோழி பிழைத்துக்கொண்டது. அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் நெறி கட்டியது. ஏரிக்கு அந்தப் பக்கம் நோயாளிகளுக்கென்று போட்டிருந்த கொட்டகைக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். திரும்பி வண்டி மட்டும் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா எங்களைச் சாளைக்குப் பின்னால் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அத்தை சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது. நல்லாகி வந்துரும். உங்க மாமன் மககிட்ட யாராச்சும் வேற பேசுனீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன். பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்? கொஞ்ச நாள் போனா அதுவே மறந்துரும்."

மாமன் மகளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. உருண்டை முகம், எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை. அந்தச் சடை அத்தை போட்டது; அதை அவிழ்க்க அவள் யாரையும் விடவில்லை. மாமன் மீசையை எடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "வேர்க்குரு சாமி" என்று சொன்னார். கார்த்திகை மாதக் குளிரில் வேர்க்குரு.

அவள் அழவில்லை. "அம்மா எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்கு" என்றார்கள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் "நாளைக்கு" என்றார்கள். சில நாளில் கேட்பதையும் விட்டுவிட்டாள். "பாருங்க, எத்தன தைரியம்! ஒரு சொட்டுக் கண்ணீர் உடுலை, பெரிய மனுசியாட்டம்" என்று வந்தவர்கள் போனவர்களெல்லாம் மெச்சினார்கள். என் அம்மாவும் அதைப் பெருமையாகச் சொன்னாள். அவள் கெட்டவள் அல்ல. கூடப் பிறந்தவனின் குடும்பத்தை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று துடித்தவள். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் எங்கள் காட்டுக்கு வந்தார்.

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அந்த வருஷம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். ஒல்லியான ஆள், பெரிய காதுகள், வெயில் பட்டால் அந்தக் காதுகள் சிவப்பாகத் தெரியும். உட்காருங்கள் என்பதற்கு "குந்துங்க" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பள்ளிக்கூடம் பூட்டியதும் மற்ற உத்தியோகஸ்தர்களைப் போல அவரும் சொந்த ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பாவிடம் வந்து, "உங்க காட்டுல அந்த ஊஞ்ச மரத்தடியக் குடுத்தீங்கன்னா, பிள்ளைங்கள அங்க குந்தவெச்சிக்கிறேன்" என்று கேட்டார்.

"நோய்க் காலத்துல படிப்பு எதுக்குங்க வாத்தியாரே?" என்றார் அப்பா.

"படிப்பு கிடக்கட்டுங்க. பெரியவங்க எல்லாரும் பயந்துபோய் இருக்கீங்க. பிள்ளைங்களும் பயந்துதான் இருக்குதுங்க. அதுங்ககிட்ட யாரும் பேசறதில்ல."

அப்பாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மரத்தடியைக் கொடுத்தார்.

முன்பிருந்த வாத்தியார் புளியம் விளாறு இல்லாமல் வரமாட்டார். இவர் கையில் பிரம்பே இல்லை. ஒரு பாக்கெட் கடிகாரம் மட்டும் வைத்திருந்தார். பாடம் நடக்கும்போது அதைத் தாழ்ந்த கிளையில் ஒரு கயிற்றில் தொங்கவிடுவார். "அடிக்காத வாத்தியாருகிட்டப் புள்ளைக என்னத்தப் படிக்கும்?" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அவரை ஏமாளி என்றுதான் நினைத்தோம்.

அந்த நினைப்பு மாறியது ஊசி போட்ட நாளில்.

பிளேக்கு ஊசி என்றால் இப்போது போடுகிற மாதிரி அல்ல. மருந்துக்காரர் ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் காய்ச்சுவதைப் பார்த்ததுமே பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "ஒண்ணுமில்ல சாமி, எறும்பு கடிச்சாப்பலதான்" என்று ஒவ்வொரு தாயும் ஒரே பொய்யைச் சொன்னாள். முதலில் போட்டுக்கொண்ட பெரிய பையன் அலறிய அலறலில் அந்தப் பொய் உடைந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் பக்கத்தில் போகவில்லை.

வாத்தியார் எங்களை மரத்தடியில் கூட்டி உட்காரவைத்தார்.

"வலிக்கும்" என்றார்.

அம்மாக்களெல்லாம் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"எறும்பு கடிச்ச மாதிரி இல்ல. தேள் கொட்டின மாதிரி இருக்கும். அப்புறம் கை வீங்கும். ராத்திரி காய்ச்சல் வரும். காலையில குறையும், அப்புறம் சரியாப் போயிரும். கத்தணும்னா கத்துங்க, அது தப்பில்ல. ஓடாம மட்டும் நில்லுங்க. இப்ப நான் போட்டுக்கறேன், பாருங்க."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றார். ஊசி இறங்கியதும், "ஐயோ, அம்மா!" என்று காடே கேட்கக் கத்தினார். பெரியவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆண்பிள்ளை, அதிலும் வாத்தியார், இப்படிக் கத்துவதா? எங்களுக்கோ சிரிப்பும் வந்தது, கூடவே ஏதோ ஒன்று நெஞ்சில் இளகியது. இவர் சொன்னது நிஜம். வலிக்கிறது, கத்தினார், ஆனால் நின்றார். நாங்கள் வரிசையில் போய் நின்றோம். யார் அதிகம் கத்துவது என்று போட்டியே நடந்தது. ஒருவரும் ஓடவில்லை. மருந்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே ஊசி போட்டார்.

"பயந்தாங்கொள்ளி வாத்தியார்" என்று அன்று பெரியவர்கள் அவருக்குப் பேர் வைத்தார்கள். அந்தப் பேரைக் கேட்டு அவர் கோபித்ததே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அவரிடம் எதையும் சொல்ல ஆரம்பித்தோம். அவரும் கேட்பார். பொழுது சாய்கிற நேரத்தில், சிலேட்டுகளைக் கட்டிவைத்த பிறகு, வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு யாருக்கு என்ன பயம் வந்துச்சு?" என்பார். முதலில் தன்னுடையதைச் சொல்வார். "நேத்து என் கொட்டாய்க்கு மேல ஏதோ சரசரன்னு ஓடுச்சு. எலின்னு நெனச்சு எழுந்து குந்திக்கிட்டேன். ஓணான்." நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொல்வோம். கோபம் வந்து அடித்துக்கொண்டவர்களைப் பிரித்துவிட்டு, "கோவம் உடம்புல எங்க இருக்குது? காட்டு" என்று கேட்பார். இதென்ன கேள்வி என்று முதலில் விழித்தோம். பிறகு பார்த்தால் ஒருவனுக்குக் கையில் இருந்தது. ஒருத்திக்குத் தொண்டையில் இருந்தது. கையில் இருக்கிறவனை உழுது போட்ட காட்டுக்குக் கூட்டிப்போய், "இந்த மண்ணாங்கட்டியெல்லாம் உடை. கோவம் தீர்ந்ததும் வா" என்று விட்டுவிடுவார். அந்த வருஷம் எங்கள் காட்டில் கட்டி உடைக்க அப்பா ஆள் விடவேயில்லை.

எனக்கு இருந்தது பயம். அதை நான் வட்டத்தில் சொல்லவில்லை. கையை ரவிக்கைக்குள் விட்டு அக்குளைத் தடவித் தடவிப் பார்ப்பேன். நெறி கட்டியிருக்கிறதா? இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். சாப்பிடும்போது, கணக்குப் போடும்போது, தூக்கத்திலும்கூட. தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நெறி பாக்கறயா கண்ணு?"

நான் அழுதுவிட்டேன்.

"நானும் பாக்கறேன்" என்றார். "காலையில மூஞ்சி கழுவினதும் ஒரு தடவை. ராத்திரி சோத்துக்கு முன்னால ஒரு தடவை. நடுவுல பயம் வந்தா, ராத்திரி பாத்துக்கலாம், இப்ப வேண்டாம்னு அதுகிட்ட சொல்லிருவேன். அது போகாது. பக்கத்துலயே குந்தியிருக்கும். இருந்துட்டுப் போகட்டும்னு நான் என் வேலையப் பாப்பேன். நீயும் அப்படிச் செஞ்சு பாரு. சரிவரலன்னா வந்து சொல்லு, வேற பாக்கலாம்."

பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். அதுவரை எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லச் சொல்லப் பயம் பெருகியதுதான் மிச்சம். இவர் சொன்னபடி செய்ததில் முதல் இரண்டு நாள் கை தானாக ரவிக்கைக்குள் போய்விட்டது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. புண் ஆறியது.

ஆனால் மாமன் மகளிடம் அவர் வித்தை எதுவும் பலிக்கவில்லை. வட்டத்தில் உட்காருவாள், வாய் திறக்கமாட்டாள். கோபம் எங்கே என்று கேட்டால் பல்லைக் கடிப்பாள். கிட்டப் போனால் உண்மையாகவே கடித்துவிடுவாள். என் முன்கையில் அவள் பல் பதிந்த தழும்பு வெகுகாலம் இருந்தது. வாத்தியார் அவளுக்குத் தித்திப்பான சோளத்தட்டை ஒடித்துக் கொடுத்து, "இதைக் கடி" என்பார். கடித்துத் துப்பிவிட்டு ஓடிப்போய்விடுவாள். போகிற இடம் வண்டிப்பாதை. சேலத்துப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும். ஓரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருப்பாள். வண்டி வந்தால் எழுந்து நின்று உள்ளே பார்ப்பாள். அது கடந்து போனதும் கல்லை எடுத்து மாட்டின்மேல் எறிவாள். வண்டிக்காரர்கள் வந்து மாமனிடம் முறையிட்டார்கள்.

"அகால மரணமுங்க. அந்தப் பொம்பளதான் புள்ள மேல வந்து எறங்கியிருக்குது" என்று ஒருத்தர் சொன்னார். அதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை தைரியசாலியாக இருந்த குழந்தைக்கு ஒரே நாளில் பேய் பிடித்துவிட்டது. அமாவாசைக்குப் பூசாரியைக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. பேயோட்டுகிற விதம் உங்களுக்குத் தெரியும். உச்சிமுடியை மரத்தில் கட்டுவார்கள், சாட்டையால் அடிப்பார்கள், பேய் "போறேன்" என்று சொல்கிறவரை அடி நிற்காது. எட்டு வயதுகூட நிறையாத பிள்ளைக்கு அது நடக்கப்போகிறது என்று நினைக்கையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். மாமன் மகள் எழுந்து போய், கிளையில் தொங்கிய கடிகாரத்தைக் கயிற்றோடு பிடுங்கி, ஓடிப்போய்க் கிணற்றில் எறிந்துவிட்டாள். தண்ணீரில் அது விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

வாத்தியாரின் முகம் வெளுத்தது. காதுகள் ரத்தமாகச் சிவந்தன. இன்றைக்கு அடி விழப்போகிறது என்று நாங்கள் ஒடுங்கினோம். அவளும் அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இப்ப ரொம்பக் கோவம்" என்றார் அவர். "இப்பப் பேசினா தப்பாப் பேசுவேன். காட்டச் சுத்தி வந்துட்டுப் பேசறேன். எல்லாரும் குந்தியிருங்க."

போனார். உழவுக்காட்டின் ஓரமாக விறுவிறுவென்று நடந்தார். எதிர்ப்பட்ட கட்டியையெல்லாம் காலால் உதைத்து உடைத்துக்கொண்டே போனார். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்திருந்தோம். ஒரு பெரிய மனிதர் தன் கோபத்தை இப்படிக் கைப்பிடியாகப் பிடித்து வெளியே கூட்டிப்போனதை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்? எங்கள் வீடுகளில் அப்பாவுக்குக் கோபம் வந்தால் அது யார் முதுகிலாவது இறங்கித்தான் தீரும். திரும்பி வந்தார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அது எங்கப்பா குடுத்தது. அத நீ எறிஞ்சது எனக்கு மனசு வலிக்குது. ஏன் எறிஞ்சே?"

அவள் கால் விரலால் மண்ணைக் கிளறினாள். பிறகு, "அது ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றாள்.

"ஓடினா என்ன?"

"நாளைக்கு, நாளைக்குங்கறாங்க. அது ஓடிக்கிட்டே இருக்குது. நாளைக்கு வரவேமாட்டேங்குது."

"நாளைக்கு யாரு வரணும் கண்ணு?"

அவள் வண்டிப்பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாத்தியார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "இவங்க அம்மா விஷயத்த இவகிட்ட யாரும் சொல்லலயா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். இல்லை என்று நான் தலையாட்டினேன். அன்றைக்குப் பாடத்தை அத்தோடு முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் மாமனுக்குக் கம்பங்கூழ் கொண்டுபோனது நான்தான். அவர் தன் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்க, தோல் பை நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். எனக்கு முன்னாலேயே வாத்தியார் அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் வாய்க்கால் மேட்டிலேயே நின்றுவிட்டேன்.

"கடியாரத்த ஆளு உட்டு முங்கி எடுக்கச் சொல்றேனுங்க வாத்தியாரே. அதும்பட சேட்டைய நெம்ப மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மாமன்.

"கடியாரம் கிடக்குதுங்க. அதுக்காக நான் வரல. அம்மா செத்துட்டாங்கன்னு பாப்பாகிட்ட ஏங்க சொல்லல?"

மாமன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. பச்சப்புள்ளைங்க அது. சொன்னாத் தாங்குமுங்களா?"

"தாங்காது. நீங்க தாங்கினீங்களா?"

மாமன் மாட்டை அதட்டி ஓட்டினார்.

"சொல்லாம இருந்தது மட்டும் நல்லா இருக்குதுங்களா? தினம் வண்டிப்பாதையில குந்தியிருக்குது. நாளைக்கு வந்துருவாங்கன்னு நீங்க சொல்றீங்க. வர்ற வண்டியில எல்லாம் அம்மா இல்ல. கோவம் வருமா, வராதா? எனக்கு வரும். நான் இன்னும் பெரிய கல்லா எடுத்து எறிவேன்! அதுக்குப் போயி சாட்டையால அடிக்கப் போறீங்களே, நீங்களெல்லாம்..." குரல் உயர்ந்துகொண்டே போனது. சட்டென்று நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு, "மன்னிச்சுக்குங்க. சத்தம் போட்டுட்டேன்" என்றார்.

மாமன் மாட்டை நிறுத்தினார். தண்ணீர்ப் பை பாதிக் கிணற்றில் தொங்கியபடி சொட்டிக்கொண்டிருந்தது. சரிவில் அப்படியே உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அந்த வார்த்தை வாயில வராதுங்க வாத்தியாரே. எனக்கு நானே இன்னும் சொல்லிக்கலைங்க."

வாத்தியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப மொதல்ல என்கிட்டச் சொல்லுங்க."

மாமனின் உதடு பலமுறை அசைந்தது. கடைசியில், "செத்துப்போச்சுங்க" என்றார். "கோளியத் தூக்கப் போயி... செத்துப்போச்சுங்க. நான் போயிருக்கோணும். நான் போயிருந்தா..." ஊரில் பத்து ஆளுக்குச் சமம் என்று பேர் எடுத்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வாத்தியார் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்வதற்கு முன் இருவரும் மரத்தடிக்கு வந்தார்கள். மாமன் வருகிற கோலத்தைப் பார்த்து அக்கம்பக்கத்துச் சாளைகளிலிருந்து பெரியவர்களும் வந்து நின்றார்கள். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அண்ணா, வேண்டாங்கண்ணா!" என்று ஓடிவந்தாள். மாமன் நிற்கவில்லை. மகளின் முன்னால் மண்டியிட்டார்.

"சாமி, அம்மா ஆஸ்பத்திரியில இல்ல சாமி. அம்மா செத்துப்போச்சு. இனி வராது."

அவள் அவரைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்படிச் சாமி தெரியும்?"

"மீசை எடுத்துட்டு வந்தீங்கல்ல."

மாமனின் கை மேலுதட்டுக்குப் போனது.

"அப்பறம் ஏன் சாமி வண்டிப்பாதையில போயி..."

"நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு நெனச்சேன். மீசைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அதைச் சொன்னதும் அவளுக்குள் ஏதோ உடைந்தது. இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். அவர் தோளைப் பிடித்துக் கடித்தாள். சட்டையில்லாத உடம்பு, ரத்தம் வந்தது. "பாருங்க, பேயி!" என்று இரண்டு பேர் பாய்ந்தார்கள். வாத்தியார் கையை விரித்துக் குறுக்கே நின்றார். மாமன், "உடுங்க. கடிக்கட்டும். எம்புள்ள எங்கிட்டத்தான கடிக்கோணும்" என்றார். பல் மெல்லத் தளர்ந்தது. அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. நாங்களும் அழுதோம். எங்களை விரட்டப் பார்த்தவர்களிடம் வாத்தியார், "இருக்கட்டுங்க. அவங்க சிநேகிதி" என்று சொல்லிவிட்டார். ஒரு பையன் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். என் அம்மா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு மாமன் மகளின் சடையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, திரும்பப் பின்னிவிட்டது என் அம்மாதான். அவள் மறுக்கவில்லை.

அமாவாசைக்குப் பூசாரி உடுக்கையோடு வந்து சேர்ந்தார். அப்பா அவருக்கு இலை போட்டுச் சோறு போட்டு, "பேயி தானாப் போயிருச்சுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அது உடனே எல்லாம் சரியாகிவிட்ட கதை அல்ல. மாமன் மகள் அதற்குப் பிறகும் என்னை ஒருமுறை கடித்தாள். ஆனால் கடித்துவிட்டு, "பல்லுல வந்துருச்சு" என்று தானாகச் சொன்னாள். அத்தையை எரித்த இடத்தைக் காட்டச் சொன்னாள். பெண்பிள்ளை அங்கே போகக்கூடாது என்று எல்லாரும் தடுத்தார்கள். மாமன் யாரையும் கேட்கவில்லை. ஒரு காலையில் ஆவாரம்பூப் பறித்துக் கையில் கொடுத்து, தோளில் தூக்கிப் போனார். வண்டிப்பாதைக்கு அவள் மறுபடி போகவில்லை.

இப்போது நம்மில் பலர் பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்தையும் கோபத்தையும் பற்றிப் புலம்புகிறோம். அதற்கென்று படித்தவர்கள் வந்திருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். நல்லது. எனக்கு அந்த ஒல்லி மனிதரின் ஞாபகம்தான் வருகிறது. இதையெல்லாம் அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருக்கலாம். அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்; பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர் என்று மேலே யாரோ எழுதிப்போட்டார்கள் என்று பேச்சு. அவரைவிட நன்றாகப் பிள்ளைகளை அறிந்த ஒருவரை நான் இத்தனை வயதுக்கும் பார்க்கவில்லை.

பங்குனி வெயில் ஏறியதும் நோய் அடங்கிற்று. ஊருக்குத் திரும்பலாம் என்று தண்டோரா போட்டார்கள். வெயில் உள்ளே விழட்டும் என்று வீடுகளின் ஓடுகளையெல்லாம் இறக்கி வைத்திருந்தார்கள். தெருவில் நடந்தால் எலும்பு எலும்பாகக் கூரைச்சட்டங்கள் மட்டும் தெரிந்தன. சுண்ணாம்பு வாசம் அடித்தது. அவரவர் அவரவர் வீட்டுக்குள் நுழைந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமன் தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். பூட்டைத் திறந்தாயிற்று, கதவு விரியக் கிடந்தது. கால் எழவில்லை. அப்பா பின்னாலிருந்து, "போங்க மச்சான்" என்றார். அப்போதும் அவர் அசையவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது. தெருவில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

மாமன் மகள் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள். அவர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள்.

"பயமா இருக்குதுங்களா அப்பா?"

பெரியவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன், "ஆமாஞ் சாமி" என்றார்.

"எனக்குந்தானுங்க. எங்க இருக்குது?"

அவர் மற்றொரு கையை வயிற்றில் வைத்துக் காட்டினார்.

"சரி, அது இருக்கட்டும். வாங்க, மெதுவாப் போலாம்."

இருவரும் வாசற்படியைத் தாண்டினார்கள். உள்ளே கூரையில்லாத வீட்டில் வெயில் தரையெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அடுப்படிப் பக்கம் போனதும் மாமன் உடைந்து அழுகிற சத்தம் கேட்டது. அப்பா உள்ளே போகக் காலெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து அந்தச் சின்னக் குரல் நிதானமாகக் கேட்டது.

"அழுங்க அப்பா. நான் எங்கியும் போகலை."